கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தில் நீங்கள் இழந்த டேக் எது?

சுருதிப்பெட்டி:

மூன்று வருடம் ஆகிறது. அந்த டேக்கை, அதாவது ஒரே தடவையில் பாடிப் பதிந்ததை, அழிக்க மனம் வரவில்லை, வெளியிடவும் முடியவில்லை.

ஒரே அறை, மேசைக்கு அடியில் சிபியு, நாலடி தள்ளி கண்டென்சர் மைக். உங்களுக்குத் தெரியாததா. பாட வந்தவர் எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த சார். பக்கவாத்தியம் இல்லை, தாளம் இல்லை, விருத்தம் மாதிரி மெதுவாகப் போகும் ஒரு பாட்டு. ஹெட்ஃபோன் மாட்டினால் தன் குரலே அந்நியமாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். நானும் சரி என்றேன்.

நாலு நிமிடம் போயிருக்கும். ஒரு வரியை முடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தம்பி, சுருதியை எதுக்கு ஏத்துறே?"

நான் சுருதியே போடவில்லை. அறையில் ஓடிக்கொண்டிருந்தது ஃபேன் ஒன்றுதான்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழு இறக்கை ஃபேன், நிமிடத்துக்கு 1200 சுற்று. நொடிக்கு 20 சுற்று, ஏழால் பெருக்கினால் 140 ஹெர்ட்ஸ். சுருதிக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டை. சாருக்கும் ஒன்றரைக் கட்டைதான். சூடு ஏறியதும் ஃபேன் 1260-க்குப் போயிருக்கிறது, அது 147 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டை. அவர் அந்த இரைச்சலைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறார். அது ஏற ஏற அவர் குரலும் இழைபிசகாமல் கூடவே ஏறியிருக்கிறது. ஒரே இடத்தில் ஏறியிருந்தால் வெட்டி ஒட்டியிருப்பேன். நாலு நிமிடத்தில் அரைக் கட்டை, மயிரிழை மயிரிழையாக.

அந்த மாதிரி இன்னொரு தடவை அவர் பாடவில்லை. மறுபடி பாடினார், நன்றாகத்தான் பாடினார். ஆனால் அது வேறு பாட்டு.

நள்ளிரவுக்குரல்:

படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலிப்புத்தகம் வாசிப்பது என் வேலை. ஏசிஎக்ஸ் மாதிரி ஒலிப்புத்தகத் தளங்களில் பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் -60 டெசிபெல்லுக்கு மேலே போகக் கூடாது. எனக்கு -52 வந்தது. சிபியுவைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். -63. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

கதையில் ஒரு தகப்பன் இறந்துபோகிற அத்தியாயம். இரண்டு நாள் அதை மனதுக்குள் வைத்திருந்து, மூன்றாம் நாள் ராத்திரி உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் திரை கறுத்துவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்தேன். அடுப்படியில் மூடியைத் திறந்தால் ஆவி அடிக்குமே, அப்படி முகத்தில் சூடு அடித்தது. பிளாஸ்டிக் புழுங்கிய வாடை. கேபினெட்டின் மேல் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்.

கோப்பு இருக்கிறது. எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. மறுநாள் வாசித்ததைத்தான் அனுப்பினேன். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

குளிர்காற்று:

நள்ளிரவுக்குரல், அலமாரி தப்பில்லை. மூடிய அலமாரிதான் தப்பு. நானும் ஒருகாலத்தில் போர்வையைப் போட்டு மூடினேன், ஐந்தே நிமிடத்தில் ஃபேன் விமானம் மாதிரி அலறியது. அதோடு விட்டேன்.

காற்று கீழே முன்பக்கம் நுழைந்து, மேலே பின்பக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும். சூடான காற்று தானாக மேலேதான் போகும், அதன் வழியில் குறுக்கே நிற்காதீர்கள். துளை ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல், உள்ளே பஞ்சு ஒட்டிய வளைந்த பாதையாக இருந்தால் காற்று திரும்பிப் போகும், சத்தம் மோதி அடங்கும். அப்புறம் சின்ன ஃபேன்களைக் கழற்றிவிட்டு 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் போடுங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே அதே அளவு காற்றைத் தள்ளும். வேகம் பாதியானால் காற்றுச் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும், இதற்கு இணையான வைத்தியம் வேறு இல்லை. ஹீட் சிங்க்கில் (ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளில்) தூசி அடைத்திருந்தால் எந்த ஃபேனும் அலறத்தான் செய்யும், ஊதி எடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ (ப்ராசஸர் தானாக வேகம் கூட்டுவது) நின்றுவிடும், சூடு கண்கூடாகக் குறையும். கனமான ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) உள்ள ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டு, அதாவது தற்காலிகமாக வெறும் ஒலியாக மாற்றிவிட்டு, ரெக்கார்ட் செய்யுங்கள். மைக்கின் முதுகை சிபியுவுக்குக் காட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் இன்னும் இருந்தால் ரப்பர் வைத்து மாட்டுங்கள். 7200 சுற்று டிஸ்க் என்றால் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு மேசை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, மைக்குக்கே போய்விடும். மிச்சமிருப்பது, மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் போய்விடும்.

சுருதிப்பெட்டி, உங்களுக்கும் இதேதான்.

சுருதிப்பெட்டி:

நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் என் அறை இப்போது சரியாகிவிட்டது நண்பரே. சிபியுவைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன், கேபிள் மட்டும் உள்ளே வருகிறது. நான் கேட்டது வழி இல்லை. அந்த நாள் போலவே உங்களில் யாருக்காவது நடந்ததா என்றுதான்.

பதினாறுகுரல்:

நடந்தது.

கோரஸ் பாட ஆள் இல்லை, நானே பதினாறு தடவை பாடி அடுக்கினேன். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கேட்டால் சுத்தம். ஃபேன் இருப்பதே தெரியாது. அடுக்கும்போது ட்ராக் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபெல் ஏறும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பதினாறு என்றால் 12. அதன் மேல் கம்ப்ரஸர் வேறு, சின்னச் சத்தத்தை எல்லாம் தூக்கி மேலே கொண்டுவரும்.

பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் எல்லாமே ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மொத்தப் பாட்டையும் அப்படிக் கட்டியிருந்தேன். முதலில் கேட்ட தோழி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அந்த இடத்துல மழை வச்சிருக்கியே, அழகா இருக்கு" என்றாள்.

மழை இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

பிறகு அந்த இடைவெளியைப் பதினாறு ட்ராக்கிலும் வெட்டிப் பார்த்தேன். அது இன்னும் மோசம், காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு குழி. காலி அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து அங்கே நிரப்பினேன். ஒருவழியாக மூடியது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் அறை சும்மா இருப்பதை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது அன்றிலிருந்து என் பழக்கம்.

குளிர்காற்று நண்பருக்கு ஒரு திருத்தம். "மைக்கின் முதுகைக் காட்டுங்கள்" என்பது முன்பக்கம் கேட்டு முதுகுப் பக்கம் செவிடாக இருக்கும் கார்டியாய்டு மைக்குக்கு மட்டும்தான் சரி. சூப்பர்கார்டியாய்டு முதுகுப் பக்கமும் கொஞ்சம் கேட்கும், அதன் செவிடான இடம் முன்னால் இருந்து சுமார் 125 டிகிரியில், பக்கவாட்டில் சாய்ந்து இருக்கிறது. முன்னும் பின்னும் கேட்கும் ஃபிகர்-8 மைக் என்றால் நேர் பக்கவாட்டு. எந்த மைக் என்று கேட்காமல் சொல்லிவிட்டீர்கள். நான் இதை நம்பி ஒரு வாரம் தலைகீழாக வைத்திருந்தவன்.

எழுத்தும்ஒலியும்:

"நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் போய்விடும்" என்ற ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் தங்கை கவிதை எழுதுவாள். யாரிடமும் காட்டமாட்டாள். ஒருநாள் அவளாகவே வந்து, "நான் வாசிக்கிறேன், நீ பதிஞ்சு தாயேன்" என்றாள். மெல்லிய குரல், பாதி மூச்சு. கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) நிறைய ஏற்ற வேண்டியிருந்தது, கூடவே ஃபேனும் ஏறி வந்தது. நான் இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொடுத்து, ஒரேயடியாக 20 டெசிபெல் குறைத்தேன். ஃபேன் போய்விட்டது. பெருமையாக அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

மூச்சு விடுகிற இடமெல்லாம் துடைத்தாற்போல் காலி. ஸ, ஷ எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுகிற மாதிரி. அவள் முழுக்கக் கேட்டாள். "இது நான் இல்லையேண்ணா" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

ஃபேனோடு இருந்ததையே முதலில் போட்டுக் காட்டியிருக்கலாம். அதில் அவள் இருந்தாள்.

இன்னொன்று, அந்தக் கருவிக்கு நாம் காட்டுவது ஒரு வேகத்தில் சுற்றும் ஃபேனின் சாயலை. நடுவில் வேகம் மாறினால் அது பழைய சாயலையே தேடிக்கொண்டிருக்கும், புதியது அப்படியே தங்கும். ரெக்கார்ட் செய்யும்போது ஃபேனை ஏறி இறங்க விடாமல் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) ஒரே வேகத்தில் நிறுத்துவதும், சூட்டின் மேல் ஒரு கண் வைத்திருப்பதும்தான் நான் இப்போது செய்வது. அப்படியும் மிஞ்சினால் 6 டெசிபெல், அதற்கு மேல் கை வைப்பதில்லை.

அந்தக் கவிதைகளை அவள் மறுபடி எனக்கு வாசிக்கவில்லை.

கம்பிமுனை:

என் கதை சின்னது. லேப்டாப் சத்தம் என்று திறந்து தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, திருகில் ஒன்றைத் தொலைத்து, மூன்று நாள் போராடினேன். ஹெட்ஃபோனில் அதே "ஙீ" சத்தம். எரிச்சலில் மைக் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் கேட்டது! மௌஸை உருட்டினால் அந்தச் சத்தம் கூடவே ஏறி இறங்கியது. சார்ஜரைப் பிளக்கில் இருந்து உருவினேன். நிசப்தம். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஃபேன் பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை. சார்ஜர் வழியாக வந்த மின் இரைச்சல், கிரவுண்ட் லூப்.

ஆகவே ஃபேனைத் திட்டும் முன் மைக்கைக் கழற்றிவிட்டு, கெயினை அப்படியே வைத்துக் கேளுங்கள். சத்தம் போனால் அறை. போகாவிட்டால் கம்பி.

நள்ளிரவுக்குரல் அக்கா, நான் எழுத வந்ததே உங்களுக்காகத்தான். அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் ஒலி எவ்வளவு நீளம் என்ற எண், ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் சரியாக எழுதப்படும். மின்சாரம் போனமாதிரி நின்றுவிட்டால் அந்த இடம் பூஜ்யமாகவே இருக்கும், அதனால்தான் திறக்க மறுக்கிறது. உள்ளே குரல் இருக்கலாம். கோப்பின் அளவைப் பாருங்கள். நூறு எம்பிக்கு மேல் காட்டினால் நம்பிக்கை உண்டு. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஆடாசிட்டியில் இம்போர்ட் போய் ரா டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். 24 பிட், லிட்டில் எண்டியன், மோனோ, நீங்கள் ரெக்கார்ட் செய்த அதே சாம்பிள் ரேட். பிட் அளவு தப்பாக இருந்தால் கரகரவென்று வெறும் இரைச்சல் வரும், பயப்படாமல் மாற்றிப் பாருங்கள்.

நள்ளிரவுக்குரல்:

கோப்பு 330 எம்பி காட்டியது. நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். 16 பிட் போட்டபோது நீங்கள் சொன்ன மாதிரியே ஒரே கரகரப்பு. பிறகு 24, மோனோ, 48000.

முதலில் "டிக்" என்று ஒரு சத்தம். அதன் பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. அப்புறம் அத்தியாயத்தின் பெயர்.

முப்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது தம்பி. தகப்பன் கண்ணை மூடுகிற இடம் வரைக்கும் இருக்கிறது.