ஆர்.டி.இ. சீட்டில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டு அம்மா:
கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், முயற்சி செய்து கிடைக்காதவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள் எல்லாரும் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அரசு தனியாருக்குக் கொடுக்கிற பணத்தை அரசுப் பள்ளிக்கே போடலாமே என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள். ஏழைப் பிள்ளை நல்ல பள்ளியில் படிக்கக்கூடாதா என்று இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். இதில் வாழ்ந்து பார்த்தவர்கள் பேசினால் நன்றாக இருக்கும்.

என் கதையை முதலில் சொல்கிறேன். சட்டம் 2009-ல் வந்தது. 2013-14-ல் என் மகளுக்கு எல்.கே.ஜி. சீட் கிடைத்தது. வீட்டுக்காரர் விசைத்தறிப் பட்டறையில் வேலை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், இரண்டுமே சரியாக இருந்தது. படிப்புக் கட்டணம் கேட்கவில்லை, உண்மை. ஆனால் நோட்டு, ஷூ, பெல்ட், ஆண்டு விழா, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு ஜூனிலும் ஒரு சீட்டு வரும். அதைக் கட்டக் குழுவில் கடன் வாங்கிய வருடங்கள் உண்டு.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஆபீஸில் கூப்பிட்டு, ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டம் அதுவரைக்கும்தான். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தேன். இப்போது பிளஸ் ஒன். பள்ளி அவளுக்குப் பிடித்துவிட்டது. முதல் முறையாகப் பிப்பெட்டைத் தன் கையில் பிடித்தது இங்கேதான் என்றாள், முன்பு டீச்சர் செய்து காட்டுவதைப் பார்த்ததோடு சரியாம். சீட் கொடுத்ததற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் மூன்று வயதில் கைபிடித்துக் கூட்டிப்போன பிள்ளையைப் பதினான்கு வயதில் நடுவழியில் விடுகிற திட்டத்தை முழுத் திட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆட்டோக்காரர், திருப்பூர்:
அக்கா, எங்களுக்கு 2025-ல் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாக ஏப்ரல், மே மாதத்தில் ஆர்.டி.இ. சீட்டுக்கு விண்ணப்பிக்கிற இணையதளம் திறக்கும். அந்த வருடம் திறக்கவே இல்லை. வருமானச் சான்று, பையனின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் போட்டு போனிலேயே வைத்திருந்தேன். இ-சேவை மையத்துத் தம்பி என்னைப் பார்த்ததும் “இன்னும் வரலண்ணா” என்று கையை ஆட்டுவான், நான் வண்டியை நிறுத்தாமலே போய்விடுவேன்.

தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிற பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு கல்வி நிதி 2,152 கோடியை நிறுத்திவிட்டது, அதில் இந்தப் பணமும் சேர்ந்து நின்றுவிட்டது என்று பேப்பரில் படித்தேன். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஆர்.டி.இ. பணத்தை அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சொன்னது. அக்டோபரில்தான் பணம் வந்தது, சேர்க்கையும் தொடங்கியது. அதுவும் ஏற்கனவே தனியார் பள்ளிகளில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு.

இதைத்தான் எல்லாரும் யோசிக்க வேண்டும். ஜூனில் பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவனுக்குத்தான் அக்டோபரில் இலவச சீட். நான் என் மனைவியின் தோட்டை அடகு வைத்து முதல் டெர்ம் கட்டியிருந்தேன், அதனால் கிடைத்தது. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவு இருந்தது, தந்தார்கள், தோட்டையும் மீட்டுவிட்டோம். எங்கள் லைன் வீட்டில் பெயின்டிங் வேலைக்குப் போகிறவரின் பெண்ணும் என் பையன் வயதுதான். அவரிடம் அடகு வைக்க ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்தான் வெளியே நிற்கிறார்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை:
தம்பி சொன்னது மனதைப் பிசைகிறது. நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். பெற்றோரை ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் 64 பிள்ளைகள் இருந்தபோது மூன்று ஆசிரியர்கள். சட்டப்படி 60 வரை இரண்டு பேர், 61 ஆனால் மூன்று. முக்கால் கிலோமீட்டரில் ஒரு மெட்ரிக் பள்ளி. எங்கள் தெருக்களிலிருந்து வருடத்துக்கு நான்கைந்து பிள்ளைகள் ஆர்.டி.இ. சீட்டில் அங்கே போகத் தொடங்கினார்கள். அவர்களோடு அக்காவோ தம்பியோ கட்டணம் கட்டியும் போவார்கள், ஒரே வேனில் போகட்டும் என்று. ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் ஆசிரியர் கணக்கு எடுப்பார்கள். ஒரு வருடம் 57 என்று வந்தது. மூன்றாவது ஆசிரியர் உபரி ஆனார், பணிநிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போனார். ஒன்று முதல் மூன்று வரை பாடலோடு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர். எமிஸ் தளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, கூட்டம், பயிற்சி என்று ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். அதைப் பார்க்கிற பெற்றோர், “ஒரே டீச்சர்தானே இருக்கிறீங்க” என்று அடுத்த ஜூனில் டி.சி. கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. போனது சில பிள்ளைகள்தான், ஆனால் நட்டம் மீதி இருக்கிற 57 பேருக்கும். பணத்தைப் பிள்ளையோடு அனுப்பினால் பிள்ளை போகாத பள்ளி திருந்தும் என்பது வவுச்சர், அதாவது பிள்ளை சேரும் பள்ளிக்குக் கட்டணமாகப் போகிற சீட்டு, கேட்பவர்களின் வாதம். எந்த ஆசிரியரை வைத்துத் திருந்துவது? போட்டிக்கு அனுப்புகிறவர்கள் முதலில் வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக் கொடுக்கட்டும், அப்புறம் ஒப்பிடட்டும்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. திங்கள்கிழமை உப்புமா சாம்பார் வாசம் வரும்போதே வரிசை நின்றுவிடும், முன்பு பத்து மணிக்கு வந்த பிள்ளைகள் எட்டேகாலுக்கே வருகிறார்கள். சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகும்போது இதைச் சொல்ல முடிகிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

சிறிய நர்சரி பள்ளித் தாளாளர்:
தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் என்றாலே எல்லாரும் பணக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். என் பள்ளியில் 140 பிள்ளைகள், கட்டணமும் குறைவு. ஒதுக்கீட்டில் சேர்த்த பிள்ளைகளுக்கான தொகை இரண்டு கல்வியாண்டுக்கு நிலுவையில் நின்றபோது, மே மாதச் சம்பளத்தை வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தேன். பெரிய பள்ளிகள் தாங்கிக்கொள்ளும். எங்களைப் போன்றவர்கள் ஆசிரியர் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டிவரும். அது கடைசியில் பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

பெங்களூர்த் தமிழர்:
இங்கே கர்நாடகத்தில் 2019-20 முதல் விதியை மாற்றினார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் ஆர்.டி.இ. சீட் கிடையாது. என் மூத்த பெண் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டாள், சின்னவனுக்குக் கிடைக்கவில்லை. மகாராஷ்டிரம் 2024-ல் இதே போல மாற்றப் பார்த்தது, மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டீச்சர் சொல்கிற கஷ்டத்துக்கு எங்கள் மாநிலம் கண்ட வழி இது. ஆனால் சின்னவனைச் சேர்த்த அரசுப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வந்தாரா? வரவில்லை. தனியார் கதவைச் சாத்தினால் மட்டும் இந்தப் பள்ளி தானாக நன்றாகிவிடாது.

எம்.எட். மாணவி:
ஆந்திராவில் 180 கிராமங்களில் குலுக்கல் போட்டு, சில பிள்ளைகளுக்கு வவுச்சர் கொடுத்து நான்கு வருடம் கவனித்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு, 2015-ல் வெளியானது. தனியாருக்குப் போன பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் இருந்தவர்களும் தெலுங்கிலும் கணக்கிலும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். இந்தியில் தனியார் பிள்ளைகள் முன்னால் போனார்கள். தனியாரில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு பக்கம் பேசுகிறவர்களும் தங்களுக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். செலவு குறைவு என்றால் அங்கே வேலை செய்கிற டீச்சர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். என் பயிற்சிக் காலத்தில் தனியார் பள்ளியில் என் பக்கத்து மேசை அக்கா, மாலையில் ஜவுளிக் கடைக்கும் வேலைக்குப் போனார்.

ஆட்டோக்காரர், திருப்பூர்:
டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். ஒன்று கேட்க வேண்டும். என் பையன் எட்டு முடித்து அரசுப் பள்ளிக்கு வந்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் கொடுக்கிற ஒதுக்கீடு எல்லாம் அவனுக்கு உண்டா?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை:
உண்டு தம்பி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீதம். ஆனால் எட்டு வரை ஆர்.டி.இ.-யில் தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆர்.டி.இ.-யில் படித்தான் என்று அந்தப் பள்ளியிலிருந்து சான்று வேண்டும். டி.சி. வாங்கும் அன்றே அதையும் எழுதி வாங்கிவிடுங்கள், பிறகு அலையவிடுவார்கள். சேர்க்கை ஆணையையும் லேமினேட் செய்யாமல் அப்படியே பத்திரமாக வையுங்கள். உங்கள் லைன் வீட்டுப் பெயின்டருக்கு ஒன்று சொல்லுங்கள்: பெண்ணுக்கு ஐந்து வயது ஆனதும் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், ஆகஸ்டுக்கு முன்னால்.