பினாங்கில் மேயர் தேர்தல் எப்போது நின்றது?

தண்ணீர்மலைவாசி:
மகளுக்குப் பள்ளியில் அரசியலமைப்பு பற்றிய பாடம் ஓடுகிறது. ஸ்காட்லண்ட் ரோட்டுக்கு டி.எஸ். ராமநாதன் பெயர் வைத்திருக்கிறார்களே, அவர் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் முதல் மேயர், மக்கள் ஓட்டுப் போட்ட நகர மன்றத்திலிருந்து வந்தவர் என்று சொன்னேன். "மேயரை மாநில அரசுதானே நியமிக்கும்?" என்கிறாள். அந்தத் தேர்தல் எப்படி வந்தது, எப்படிப் போனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்:
நல்ல கேள்வி ஐயா. மலாயாவில் மக்கள் ஓட்டுப் போடத் தொடங்கியதே நம்ம ஜார்ஜ் டவுனில்தான், 1951 டிசம்பரில். அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல். அங்கே மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் கைகோர்த்ததுதான் பிறகு கூட்டணியாக வளர்ந்து, இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் சேர்ந்து, 1955 பொதுத்தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ அள்ளியது. ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி 1 அன்று மாநகரமானது, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, எட்டு மாதம் முன்னால். தொழிற்கட்சிக்காரரான ராமநாதன் மேயரானது அப்போதுதான்.

அப்புறம் 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை, அதாவது நகர, உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தலை, நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்றுதான் பேச்சு. 1976 ஊராட்சிச் சட்டம் வந்து ஒரேயடியாக முடித்துவிட்டது. இதில் மகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: மக்களவைத் தேர்தல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஊராட்சித் தேர்தலுக்கு அந்தக் காவல் இல்லை. வெறும் சட்டத்தால் வந்ததை இன்னொரு சட்டம் எடுத்துவிட்டது, அரசியலமைப்பில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

பட்டர்வொர்த்_கோமளா:
சில மன்றங்களில் முறைகேடு என்று பெரிய புகார் இருந்ததையும் சொல்லுங்கள் அண்ணா, அது சின்ன விஷயமில்லை.

பழைய_வாத்தியார்:
உண்மைதான்மா. அதை விசாரிக்கத்தான் செனட்டர் அதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் போட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்றுதான் அவர்கள் பரிந்துரைத்தார்கள். அதை அரசு ஏற்கவில்லை, எனக்கு இன்றும் ஆறவில்லை. தப்பு செய்த உறுப்பினரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம், நியமனத்தில் வந்தவரை நாம் என்ன செய்வது?

செந்தூல்காரன்:
பினாங்கு அரசு சும்மா இருக்கவில்லை. தேர்தலை மீட்க 2012-இல் மாநிலச் சட்டமே இயற்றியது. ஆனால் 2014-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. இனி நாடாளுமன்றம்தான் 1976 சட்டத்தைத் திருத்த வேண்டும். தண்ணீர்மலை அண்ணா, பிள்ளையிடம் அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துக் காட்டுங்கள், ஊராட்சித் தேர்தலை முடித்த முடிச்சு அங்கேதான் இருக்கிறது.