டிராக்டர் சேற்றில் புதைந்துவிட்டது, எப்படி வெளியே எடுப்பது? அவசரம்

செம்மஞ்சேரி_தம்பி | காலை 8:40
ஆறரை மணியிலிருந்து முயற்சி செய்கிறோம். பின் சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்குகிறது. சாயங்காலம் மழை வரும் என்கிறார்கள். வாடகை வண்டி, இன்று இரவே திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மிஞ்சூர்_உழவன் | காலை 8:52
தம்பி, எந்த வண்டி? நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா, பின் சக்கரம் மட்டுமா? வயலா, வேறு இடமா? பின்னால் ரோட்டவேட்டர், கலப்பை ஏதாவது மாட்டியிருக்கிறதா? எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் யோசனை சொன்னால் உங்களுக்குத்தான் ஆபத்து. முதலில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்து வையுங்கள்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர் | காலை 8:55
ஒரு ஜேசிபியைக் கூப்பிடுங்கள் சார். செம்மஞ்சேரி பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டட வேலைதான், தெருவுக்கு ஒன்று நிற்கும். பத்து நிமிட வேலை.

கீழத்தெரு_ராசா | காலை 9:03
எங்கள் ஊரில் இதற்குப் பணமே செலவு செய்ய மாட்டோம். ஒரு நல்ல பனங்கட்டையை எடுத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னால் குறுக்கே வைத்து, சங்கிலியால் டயரோடு சேர்த்துக் கட்டி, முதல் கியரில் மெதுவாக விட வேண்டும். சக்கரம் கட்டையின் மேல் ஏறி வெளியே வந்துவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய_மெக்கானிக் | காலை 9:10
உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியின் பெயர் இல்லை, இடம் இல்லை, "சக்கரம் சுற்றுகிறது" என்று ஒரு வரி. எந்தச் சக்கரம்? இரண்டுமா, ஒன்றா? இந்த மன்றத்தில் இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. யாரும் தேடிப் படிப்பதில்லை.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால், இரண்டு பின் சக்கரத்துக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் முழு சுற்றலையும் அந்தப் பக்கத்துக்கே அனுப்பிவிடும். கெட்டி மண்ணில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும். அதற்காகத்தான், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்ற, வலது குதிகால் பக்கத்தில் டிஃபரன்ஷியல் லாக் என்று ஒரு மிதி கொடுத்திருக்கிறான். வண்டியை நிறுத்திவிட்டு அதை மிதி, பிறகு கிளட்சை விடு. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் உள்ளே பல் போய்விடும். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், திருப்பவே கூடாது. இதைக்கூடப் பழகாதவர்கள் கையில் டிராக்டரைக் கொடுக்கிறார்கள்.

செம்மஞ்சேரி_தம்பி | காலை 9:21
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். 45 எச்பி, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. இடது சக்கரம்தான் சுற்றுகிறது. லாக் மிதி இறுகிப்போய் இருக்கிறது, அழுத்தினால் இறங்கவில்லை. வயல் இல்லை, காலிமனை. வீடு கட்ட மேடாக்க ரப்பீஸ் (இடித்த கட்டடக் கழிவு) அடிக்க வந்தோம்.

சித்தாலப்பாக்கம்_சிவில் | காலை 9:24
ரப்பீஸ் அடிக்க வந்தால் டிரெய்லர் இருக்குமே. லோடு இறக்கியாச்சா?

செம்மஞ்சேரி_தம்பி | காலை 9:26
இல்லை, லோடோடுதான் நிற்கிறது. 1 யூனிட் இருக்கும். ஹைட்ராலிக் டிப்பர். தெருவிலிருந்து நேராக உள்ளே விட்டோம், நாற்பது அடி போனதும் இறங்கிவிட்டது. பின் அச்சு மண்ணைத் தொடுகிறது.

சித்தாலப்பாக்கம்_சிவில் | காலை 9:41
இதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். 1 யூனிட் என்றால் 100 கன அடி. ரப்பீஸாக இருந்தாலும் நாலு டன் பக்கம் வரும். டிராக்டர் தன் எடை ரெண்டு டன் பக்கம். ஒற்றை அச்சு டிரெய்லர் என்றால் லோடில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

ஜேசிபி பற்றி ஒரு எச்சரிக்கை. தென்சென்னையில் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் பல மனைகளில் மேலே ரெண்டடி, மூன்றடி கொட்டிய மண்தான். அதற்குக் கீழே சதுப்புக் களிமண். மார்ச், ஏப்ரலில் நடந்தால் கல் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேல்தோல் மட்டும்தான் கெட்டி, அடியில் தயிர். ஜேசிபி ஏழரை டன் எடை. அதை மனைக்குள் விட்டால் மாட்டிக்கொண்ட வண்டி ஒன்றல்ல, இரண்டு. கூப்பிடுவதானால் தார்ச்சாலை மேலேயே நிற்க வைத்து, நீளமான சங்கிலியால் இழுக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாக்கம்_வீட்டுக்காரர் | காலை 9:50
இவர் சொல்வது சரி. எங்கள் தெருவில் போர் போட வந்த லாரி மூன்று நாள் நின்றது.

கீழத்தெரு_ராசா | காலை 9:52
இவ்வளவு பேச்சுக்கு அந்தக் கட்டையைக் கட்டியிருந்தால் இந்நேரம் வண்டி தெருவில் நிற்கும்.

மிஞ்சூர்_உழவன் | காலை 10:08
ராசா அண்ணா, உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தம்பி அதைச் செய்யக் கூடாது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் வழுக்குவதே ஒரு வகையில் நமக்குப் பாதுகாப்பு. கட்டையைக் கட்டிச் சக்கரத்தைச் சுற்ற விடாமல் செய்தால், எஞ்சின் கொடுக்கும் பலம் வேறு எங்கே போகும்? வண்டியின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன் சக்கரம் எழும்பும். எழும்புகிறது என்று மூளைக்குத் தெரிந்து கால் கிளட்சுக்குப் போவதற்குள் வண்டி தலைக்கு மேல் வந்துவிடும். ஓரிரு நொடிதான். எங்கள் பக்கத்து ஊரில் சேற்று உழவின்போது இப்படித்தான் நடந்தது. கட்டை கட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வண்டியின் மேல் இருந்தவருக்கு என் வயதுதான். இருபது வருடம் ஆகிறது, அந்த வரப்பைத் தாண்டும்போது இன்றைக்கும் கால் நின்றுவிடும்.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். முன்னால் போகும் எண்ணத்தையே விடுங்கள், முன்னால் இருப்பதும் அதே சேறுதான். கெட்டித் தரை உங்களுக்குப் பின்னால், தெருவில் இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். ஆனால் டிரெய்லர் வழியை மறிக்கிறது. எனவே முதலில் லோடு, அப்புறம் டிரெய்லர், கடைசியில் டிராக்டர்.

டிப்பரைத் தூக்கிக் கொட்ட வேண்டாம். தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும், பெட்டி மேலே போனதும் சாய்ந்துவிடும். ஆள் வைத்து மண்வெட்டியால் இறக்குங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். இறக்கும் ரப்பீஸை வீணாக்காமல் சக்கரத் தடத்திலேயே போடுங்கள். டிரெய்லரின் முன் முனைக்குக் கீழே ஒரு பலகையும் ஜாக்கியும் வைத்துவிட்டுக் கொக்கி ஊசியை எடுங்கள். அதைத் தெருவிலிருந்து இழுக்கும்போது சங்கிலியைச் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) இரண்டு பக்கமும் கட்டுங்கள், பின்கதவில் கட்டாதீர்கள்.

அப்புறம் டிராக்டர். பின் சக்கரத்துக்குப் பின்னால் சரிவாக வெட்டுங்கள். பின் அச்சுக்கு அடியில் இருக்கும் மண்ணையும் கையால் தோண்டி எடுங்கள். அச்சு மண்ணில் உட்கார்ந்திருக்கும்வரை எடை சக்கரத்துக்கு முழுதாக வராது, வண்டி படகு மாதிரி கிடக்கும்.

சித்தாலப்பாக்கம்_சிவில் | காலை 10:15
இதோடு ஒன்று. பக்கத்தில் சாரம் கட்டியிருக்கும் கட்டடம் எதுவும் இல்லாமல் இருக்காது. சவுக்குக் கழி பத்து, பதினைந்து கேளுங்கள். தடத்துக்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, மேலே கோணிப்பை போடுங்கள். சென்டரிங் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. இரும்பு ஷீட் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். கழிகள் டயருக்குப் பின்னால் படுத்திருக்க வேண்டும், டயரோடு கட்டக் கூடாது. எடையைப் பரப்புவதுதான் நோக்கம்.

பழைய_மெக்கானிக் | காலை 10:22
லாக் மிதி இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதே, உடைந்தால் வாடகைக்காரன் உன் தலையில் கட்டுவான். பிரேக் மிதி இரண்டையும் இணைக்கும் கொக்கியைக் கழற்று. சுற்றுகிற பக்கத்தை, அதாவது இடது பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸில் விடு. பலம் வலது சக்கரத்துக்குப் போகும். தெருவுக்கு வந்ததும் கொக்கியை மறுபடி மாட்டு. மாட்டாமல் ஓஎம்ஆரில் ஏறி வேகத்தில் ஒரு பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி கவிழும். மறக்காதே.

டயர் காற்றையும் கொஞ்சம் குறைக்கலாம். ரோட்டு லோடுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள்.

சதுப்புநில_நேசன் | காலை 10:40
எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த இடத்தில் ரப்பீஸ் கொட்டலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சேரும் தண்ணீர் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். வழியெல்லாம் மேடாக்கிக்கொண்டே போனால் 2015இலும் 2023 டிசம்பரிலும் வந்த மாதிரி தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். நீங்கள் மூன்றடி உயர்த்தினால் பக்கத்து வீட்டில் மூன்றடி தண்ணீர்.

பெரும்பாக்கம்_வீட்டுக்காரர் | காலை 10:48
ஐயா, பட்டா இருக்கிற மனை, அனுமதி வாங்கிக் கட்டுகிறோம். மேடாக்காமல் கட்டினால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர். 2023இல் நாலு நாள் மாடியில் இருந்தோம், குடிக்கத் தண்ணீர் இல்லாமல். சம்பளத்தில் பாதி கடன் தவணைக்குப் போகிறது. எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? மனை பிரிக்க அனுமதித்தவர்களிடம் கேளுங்கள்.

சதுப்புநில_நேசன் | காலை 10:57
அவர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் அந்த டிராக்டர் இறங்கியதே, அந்தக் களிமண் தண்ணீரைத் தாங்கி வைப்பதற்காக இருக்கிற மண். தூண் வைத்து வீட்டை உயர்த்தலாம், மனை முழுவதையும் நிரப்பத் தேவையில்லை.

பெரும்பாக்கம்_வீட்டுக்காரர் | காலை 11:02
தூண் வைத்துத்தான் கட்டியிருக்கிறோம். வாசலுக்கு வண்டி வர வேண்டாமா?

மிஞ்சூர்_உழவன் | காலை 11:06
இரண்டு பேர் சொல்வதும் பெரிய விஷயம், தனி இழை போட்டுப் பேசுங்கள், நானும் வருகிறேன். மண்ணைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று கடல்நீர் ஏறிய கிணறுகளோடு வாழும் மிஞ்சூர்க்காரனுக்குத் தெரியும். இப்போது அந்தத் தம்பி சேற்றில் நிற்கிறார்.

தம்பி, இழுக்கும்போது நைலான் கயிறு வேண்டாம். ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தால் சாட்டையாக வரும். சங்கிலிதான், அதன் நடுவில் ஈரக் கோணி ஒன்றைப் போடுங்கள். தாழ்வாக, டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் (டிராபாரில்) கட்டுங்கள். இழுக்கும்போது சங்கிலி நீளத்துக்குள் ஒரு ஆளும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கீழத்தெரு_ராசா | காலை 11:30
உழவன் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாங்கள் கட்டை கட்டியது எல்லாம் ரிவர்ஸிலா முன்னாலா என்று அப்பாவிடம் போன் செய்து கேட்டேன். ரிவர்ஸில்தான் விடுவோம், முன்னால் விட்டால் தூக்கிவிடும் என்றார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர் | மதியம் 1:15
தம்பி, என்ன ஆச்சு?

மிஞ்சூர்_உழவன் | மதியம் 3:40
லோடு இறக்கியாச்சா? மழைக்கு முன்னால் முடியாது போலிருந்தால் டிரெய்லரை மட்டுமாவது வெளியே எடுத்துவிடுங்கள்.

சித்தாலப்பாக்கம்_சிவில் | மாலை 5:20
இங்கே தூறல் ஆரம்பித்துவிட்டது.

செம்மஞ்சேரி_தம்பி | இரவு 9:05
வெளியே வந்துவிட்டது. கை கால் எல்லாம் வலி, நீளமாக எழுத முடியவில்லை. ஐந்து பேர் லோடு இறக்க மூன்று மணி நேரம் ஆனது. டிரெய்லரைத் தெருவில் நின்ற தண்ணீர் லாரி இழுத்துக் கொடுத்தது. டிராக்டருக்கு யாரும் தேவைப்படவில்லை. அச்சுக்கு அடியில் தோண்டி, சவுக்குக் கழி போட்டு, இடது பிரேக்கைப் பிடித்து ரிவர்ஸில் விட்டேன், இரண்டாவது முயற்சியிலேயே ஏறிவிட்டது. காலையில் கட்டை கட்டத்தான் கிளம்பினோம், சங்கிலி கூட வாங்கி வந்துவிட்டார்கள். உழவன் அண்ணா பதிலை ஓட்டுநரிடம் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நன்றி.

பழைய_மெக்கானிக் | இரவு 9:12
பிரேக் கொக்கியை மாட்டினாயா? அச்சு வரைக்கும் சேற்றில் இருந்த வண்டி, திருப்பிக் கொடுப்பதற்கு முன் கியர் ஆயிலைப் பார். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றாமல் ஓட்டக் கூடாது. முன் சக்கர பேரிங்குக்குப் புது கிரீஸ்.

பழைய_மெக்கானிக் | இரவு 10:30
தம்பி, கொக்கி?