29 வாரம்: அசைவு தெரியாத நேரத்தில் மனதை எப்படிச் சமாளித்தீர்கள்?

மழைத்துளி:
தோழிகளே, எனக்கு 29 வாரம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இதற்கு முன் ஒரு கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அன்று எனக்கு வலியோ உதிரப்போக்கோ எதுவுமே இல்லை. வழக்கமான ஸ்கேனுக்குப் போன இடத்தில்தான் துடிப்பு இல்லை என்றார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த முறை உள்ளே என்ன நடக்கிறது என்று நொடிக்கு நொடி தெரிய வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு நஞ்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறது. 22ஆவது வாரத்தில்தான் முதல் அசைவே தெரிந்தது. கண் இமை தானாகத் துடிக்குமே, அது போல அடிவயிற்றில் ஓரமாக. இப்போது நன்றாகவே தெரிகிறது. ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். வயிற்றில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். சில நேரம் என் நாடி துடிப்பதையே குழந்தை என்று நினைத்துவிடுவேன். பொறுக்க முடியாமல் விரலால் லேசாகத் தட்டுவேன். உள்ளிருந்து ஒரு உதை வந்ததும் அழுகை வரும். அப்புறம், தூங்கிய பிள்ளையை எழுப்பிவிட்டோமே என்று அதற்கும் ஒரு அழுகை.

இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன். இரண்டு தடவையும் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை கட்டி, அசைவு தெரிந்தால் அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். பட்டையை அவிழ்க்கும்போது அங்கிருந்த ஒருவர், "தலைப்பிள்ளைக்காரிங்க எல்லாரும் இப்படித்தான் பயந்துக்கிட்டு வர்றாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்றாவது தடவை போகக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே துடிப்பு கேட்கும் டாப்ளர் வாங்கிவிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை அசைவு இருந்தால் போதும்?

இருபிள்ளைத்தாய்:
எனக்கும் மூத்தவளுக்கு நஞ்சு முன்பக்கம்தான். நடுவில் மெத்தை வைத்த மாதிரி இருக்கும். முன்னால் உதைத்தால் பாதிதான் தெரியும், பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் உதைத்தால் நன்றாகத் தெரியும். நீங்கள் தொப்புளுக்கு மேல் கை வைத்துக் காத்திருக்கிறீர்களோ? இடுப்புப் பக்கம் வைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கையைவிட வழக்கத்தைக் கவனியுங்கள். என் மூத்தவள் காலையில் அசையவே மாட்டாள், ராத்திரி நான் காலை நீட்டிப் படுத்த பிறகுதான் ஆரம்பிப்பாள். இளையவன் நேர்மாறு. ஒருத்தியின் கணக்கை வைத்து இன்னொருவனைப் பார்த்திருந்தால் நான் தினமும் பயந்திருப்பேன்.

பிரசவ_அறை_நர்ஸ்:
தங்கச்சி, பதினோரு வருஷமாகப் பிரசவ அறையில் வேலை பார்க்கிறேன். முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். அவர் சொன்னது தவறு. அசைவு குறைந்ததாகச் சொல்லி வரும் தாயைப் பரிசோதித்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலை. மூன்றாவது தடவை என்ன, ஏழாவது தடவையானாலும் வாருங்கள்.

வயிற்றில் குழந்தை பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும். ஆரோக்கியமான குழந்தை 90 நிமிடத்தைத் தாண்டித் தூங்குவது அபூர்வம். நீங்கள் நடமாடும்போது அந்த ஆட்டத்திலேயே தூங்கிவிடும். வேலை மும்முரத்தில் உங்களுக்கும் கவனம் இருக்காது. சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தூர வைத்துவிட்டு, அசைவை மட்டும் கவனியுங்கள். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்கு. சீராக டிக் டிக் என்று வரும் விக்கலைச் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் பொதுவான "இத்தனை போதும்" என்ற எண் கிடையாது. ஆனாலும் பல டாக்டர்கள் இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்று சொல்வார்கள். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பத்து வராவிட்டாலும், பத்து வந்தும் வழக்கத்தைவிடக் குறைவாகவோ பலவீனமாகவோ தோன்றினாலும், உடனே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். 28 வாரத்துக்கு மேல் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசைவே இல்லையென்றால் இரண்டு மணி நேரம் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம்.

டாப்ளர் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பழக்கமில்லாதவர்களுக்கு அம்மாவின் ரத்தக்குழாய்ச் சத்தமும் நஞ்சுக்கொடியின் சத்தமும் குழந்தையின் துடிப்பு மாதிரியே கேட்கும். உண்மையான துடிப்பாகவே இருந்தாலும், துடிப்பு இருக்கிறது என்பதாலேயே குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. நாங்கள் பட்டை கட்டி 20 நிமிடமாவது பார்ப்பது, அந்தத் துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை. அந்தச் சின்னக் கருவி அதைச் சொல்லாது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

இன்னொன்று. "மாதம் ஏறினால் இடம் போதாது, அசைவு குறையும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 32 வாரம் வரை அசைவு கூடும், அதன் பிறகு ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். உதை குறைந்து புரளல் அதிகமாகலாம். ஆனால் அசைவு பிரசவம் வரை, வலி எடுத்த பிறகும்கூட, இருக்க வேண்டும்.

ஒரு_அப்பா:
ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கும் முன்பு ஒரு இழப்பு. ராத்திரி தனியாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள், எனக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம்: பயம் வந்தால் என்னை எழுப்பிவிட வேண்டும், நான் எதுவும் சமாதானம் சொல்லக் கூடாது, கூடப் படுத்து நானும் கை வைத்துப் பார்க்க வேண்டும். டாக்டரிடமும் பழைய இழப்பைச் சொல்லி, அதனால்தான் இந்தப் பயம் என்று சொன்னோம். அவர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அது உதவியது. உங்கள் கணவரை எழுப்புங்கள், சகோதரி.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, நீங்கள் "வாருங்கள்" என்று எழுதியதை நாலு தடவை படித்தேன். டாப்ளர் வாங்கவில்லை.

நேற்று ராத்திரி விழிப்பு வந்ததும் அவரை எழுப்பினேன். இடது பக்கம் படுத்து, அவர் கையை எடுத்து இடுப்போரம் வைத்தேன். ஆறு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் முழங்காலோ முழங்கையோ, உள்ளிருந்து மெதுவாக ஒரு கோடு இழுத்தது போல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அவர் கையை எடுக்கவே இல்லை. அப்படியே தூங்கிவிட்டார், நானும்தான்.