கேமரன் மலை ஏஞ்சல் டிரம்பெட் சுங்கை சிப்புட் வெயிலில் பூக்குமா?

தாமான்_மருமகள்:
வணக்கம். வீடு சுங்கை சிப்புட்டில், பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். போன வருடம் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போனோம். தானா ராத்தாவில் ஒரு வேலியோரம் ஏஞ்சல் டிரம்பெட் ஆளுயரத்துக்குப் பூத்துத் தொங்கியது. மனசு கேட்கவில்லை, இறங்கும் வழியில் ஒரு கடையில் கன்று ஒன்று 15 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். என்ன நிறம் பூக்கும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

பெரிய பெயிண்ட் வாளியில் வைத்தேன். இப்போது என் தலைக்கு மேல் போய்விட்டது. ஒரே குச்சி, மேலே இலை. பூ இல்லை. மத்தியானம் ஆனால் இலையெல்லாம் துவண்டுவிடுகிறது, நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். யூரியா போடு என்கிறார் வீட்டுக்காரர். "அது ஊமத்தை, வாசலில் எதற்கு? வெட்டு" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு ஆடு வேறு அவிழ்ந்தால் இங்கேதான் வரும். மலைச் செடி கீழே பூக்கவே பூக்காதா? யாராவது சொல்லுங்கள்.

பழைய_நாற்றுமேடை:
தங்கச்சி, வெட்ட வேண்டாம். நான் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே செம்பனைக் கன்றைத் தவிர எது முளைத்தாலும் களைதான்; பூச்செடி ஆசையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. என் வாசலில் இந்த மரம் நிற்கிறது. உங்கள் ஊர்தான், அதே வெயில்தான்.

இது முதலில் ஒற்றைத் தண்டாக ஏறும். ஓர் உயரத்துக்கு வந்ததும் கவட்டையாகப் பிரியும். பூ அதற்கு அப்புறம்தான். கவட்டை விழாத செடிக்கு என்ன உரம் கொட்டினாலும் இலைதான் கிடைக்கும். உச்சியில் இருக்கிற ஓர் இலையைத் திருப்பி, காம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள். அடித்தண்டு இலையில் இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் வந்து காம்பைத் தொடும். பூக்கிற பருவத்துக்கு வந்த கிளையில் ஒரு ஓரம் மேலேயே நின்றுவிடும், மற்றது கீழே இறங்கி வந்து சேரும். அந்தக் கோணல் தெரிந்தால் மொட்டுக்கு நாள் அதிகம் இல்லை. உயரமாகிவிட்டதே என்று தலையை வெட்டினால் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டியதுதான்.

ஏஞ்சல் டிரம்பெட்டில் பல இனம் உண்டு, மலைச் செடி என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்ல முடியாது. சிவப்புக் குழல் பூ பூக்கும் சாங்குவினியா ஆண்டிஸ் மலையின் குளிரில் வளர்ந்தது, நம் இரவுச் சூடு அதற்கு ஆகாது. வெள்ளையாகப் பூக்கிற சுவாவியோலன்ஸ் தென்கிழக்கு பிரேசிலின் மழைக்காட்டுச் செடி. வெர்சிகலர் எக்குவடோரில் குவாயாகில் பக்கத்துத் தாழ்நிலத்தைச் சேர்ந்தது. பூ ஒரு அடிக்கு மேல் நீளும், நேர்கீழாகத் தொங்கும், வெள்ளையாக விரிந்து பீச் நிறத்துக்கு மாறும். இந்த இரண்டும், இரண்டின் கலப்பும் நம் ஊருக்குத் தாங்கும். உங்கள் செடி இத்தனை வெயிலிலும் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

துவளுவதைப் பற்றி. இத்தனை பெரிய இலை மத்தியான வெயிலில் இழக்கிற தண்ணீருக்கு வேர் ஈடு கொடுக்க முடியாது. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் குறை ஒன்றும் இல்லை. காலையிலேயே தொங்கினால்தான் மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது, மேலே ஊற்ற ஊற்ற மோசமாகும். வாளிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா?

லூனாஸ்_ராணி:
அக்கா, இலைக்கு அடியையும் பாருங்கள். வெயில் காலத்தில் செஞ்சிலந்திப் பேன் வரும். மேலே பார்த்தால் மஞ்சள் புள்ளி புள்ளியாக இருக்கும், அடியில் மெல்லிசாக நூல் கட்டியிருக்கும். நான் மருந்தே அடிப்பதில்லை. காலையில் ரப்பர் குழாயால் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவேன், அவ்வளவுதான். அப்புறம் இது கத்தரி, மிளகாய் குடும்பம். கத்தரி வேரில் முடிச்சு முடிச்சாக வந்த இடத்தில் இதை இறக்காதீர்கள், அந்த வேர்ப்புழு இதையும் பிடிக்கும்.

மருந்தகத்துப்_பையன்:
உங்கள் மாமியார் சொன்னது முழுக்கத் தப்பில்லை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-இல் இதை ஊமத்தைப் பேரினத்தில்தான் வைத்தார். 1805-இல் பெர்சூன் என்ற தாவரவியலாளர் பிரித்து புருக்மான்சியா என்று தனியாக ஆக்கினார். ஊமத்தம்பூ மேலே பார்க்கும், காயில் முள் இருக்கும். இதன் பூ தொங்கும், காய் வழவழப்பு.

நஞ்சில் மட்டும் அக்காவும் தங்கையும் ஒன்றுதான். அட்ரோப்பின், ஸ்கோபோலமின் இரண்டும் இலை, பூ, விதை, வேர் என்று எல்லாவற்றிலும் உண்டு. தின்றால் வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், ஆள் பிதற்றத் தொடங்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். கிளை நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகி, பார்வை மங்கும். கண் மருத்துவர் பாப்பாவை விரிக்க விடுகிற சொட்டு மருந்தில் ஒரு வகையும் அந்த அட்ரோப்பின் சங்கதிதான். கையுறை போடுங்கள். நறுக்கிய கிளையை வேலியோரம் எறியாதீர்கள், ஆட்டுக்கும் ஆகாது. குழந்தை எதையாவது வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனை, ஒரு இலையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தாமான்_மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன். அடியில் இருக்கிற இலை எல்லாம் சமம். உச்சியில் நாலைந்து இலையில் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது அண்ணே! சாயங்காலம் நிமிர்ந்தும் விடுகிறது. வாளியில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வேர் வெளியே வந்துவிட்டது. மாமியார் நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தரையில் இறக்கலாமா? யூரியா?

பழைய_நாற்றுமேடை:
இறக்குங்கள், வேர் வந்துவிட்டால் வாளி போதாது. காலை வெயில் பட்டு, ஒரு மணிக்கு மேல் வீட்டு நிழல் விழுகிற கிழக்குப் பக்கம் தோதாக இருக்கும். சிமெண்டுத் தரையை ஒட்டி வைத்தால் சூடு திருப்பி அடிக்கும். ஆடு எட்டாதபடி வேலிக்கு உட்புறம், சன்னலுக்குக் கிட்டே வையுங்கள், இரவில்தான் வாசம். படுக்கையறைச் சன்னல் மட்டும் வேண்டாம், சிலருக்குத் தலைவலி வரும். தோட்டத்தில் தெரிந்தவர் இருந்தால் ஆலையிலிருந்து வருகிற, பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலை கொஞ்சம் கேட்டு அடியில் மூடாக்குப் போடுங்கள். ஈரம் நிற்கும்.

யூரியா வீட்டுக்காரருடைய கத்தரிக்காய்க்கே இருக்கட்டும். உங்களுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் உள்ள 12-12-17 நீல உரம். மாதம் இரண்டு தடவை, ஒரு கைப்பிடிக்கும் குறைவாகத் தண்டை விட்டுத் தள்ளித் தூவி, தண்ணீர் விடுங்கள். இது பெருந்தீனிக்காரச் செடி, பட்டினி போட்டால் பூக்காது.

பூத்து முடிந்ததும் கவட்டைக்கு மேலே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கிளை நறுக்கி, நிழலில் ஈரமணலில் குத்தி வையுங்கள். வேர் பிடித்துவிடும். மேல்கிளையில் எடுத்தது இடுப்புயரத்திலேயே பூக்கும். நிறம் தெரிந்ததும் இங்கே போடுங்கள், பீச் நிறமாக இருந்தால் எனக்கு ஒரு குச்சி வேண்டும்.