வாடகைக் காரும் நாட்டு எல்லையும்: வெளிநாட்டில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம், இப்போது ஷார்ஜா

வேலந்தாவளத்துல பிறந்தவங்களுக்கு எல்லைங்கறது ஒரு டீக்கடைக்கும் அடுத்த டீக்கடைக்கும் நடுவுல இருக்கற இடம். வீடு பாலக்காடு மாவட்டத்துல, துணி எடுக்கறது கோயமுத்தூர்ல. கேஎல் 70 வண்டி ஒரே நாள்ல எத்தனை தடவை போய் வந்தாலும் இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் செல்லும். இந்தப் பழக்கத்தோடவே வெளிநாட்டுல வாடகைக் கார் சாவியை வாங்கறது ஆபத்துங்க. அதான் இதை ஆரம்பிக்கறேன்.

பெருநாள் லீவுக்கு அமீரகத்துல இருந்து ஓமன் பக்கம் கசபுக்கு நிறையப் பேர் கிளம்புவாங்க. மலையும் கடலும் ஒட்டின ரோடு, டால்பின் பாக்கற படகு. நாங்களும் குடும்பத்தோட போனோம். கார் எடுக்கறப்பவே "ஓமன் போறோம்"னு சொல்லிட்டேன். அதுக்கு ரெண்டு காகிதம் வேணும். வண்டியை நாட்டுக்கு வெளிய கொண்டுபோகலாம்னு கார் கம்பெனி தர்ற அனுமதிக் கடிதம் ஒண்ணு. ஓமன்ல செல்லுபடியாகற இன்சூரன்ஸ் இன்னொண்ணு, ஆரஞ்சு கார்டுன்னு சொல்லுவாங்க. கடிதம் அன்னைக்கே கிடைக்கலை, அதுக்குத் தனியாக் காசும் வாங்கினாங்க.

எல்லையில எங்களுக்கு முன்னாடி நின்னதும் வாடகைக் கார்தான். ஒரு மலையாளக் குடும்பம், கையில கடிதம் இல்லை. அந்த அக்கா ஆபீசர்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. அவர் மரியாதையாத்தான் பேசினார், ஆனா வண்டியை விடலை. பின்சீட்ல குழந்தைங்க தூங்கிட்டிருக்க, அப்படியே திருப்பிக்கிட்டுப் போனாங்க. படகுக்கு முன்கூட்டியே கட்டின பணமும் போயிருச்சு. எனக்கு மனசே கேக்கலை. கார் குடுக்கறவங்க பல இடத்துல இதைத் தாமாச் சொல்றதில்லைங்க. நாமதான் எங்கெங்க போறோம்னு வாய் விட்டுச் சொல்லணும், அதை ஒப்பந்தத்துல எழுதச் சொல்லணும்.

ஓமன் போனா இன்னொண்ணு: மழை பேஞ்சு வாதியில (சாதாரணமா காஞ்சு கிடக்கற ஆத்துப் பள்ளம்) தண்ணி ஓடுறப்ப காரை இறக்கவே இறக்காதீங்க. அங்க அது சட்டப்படி குற்றம். உயிரும் போகும், இன்சூரன்சும் வராது.

கோபாலபுரம்

அண்ணா சொன்னது செக்போஸ்ட் இருக்கற எல்லை. செக்போஸ்டே இல்லாத எல்லையும் இருக்குதுங்க. புஜைராவுல இருந்து கோர்ஃபக்கான் போற வழியில மத்ஹான்னு ஒரு ஊர். சுத்திலும் அமீரகம், அந்த ஊர் மட்டும் ஓமன். அதுக்குள்ளயே நஹ்வான்னு இன்னொரு துண்டு, அது திரும்பவும் அமீரகம். யாரும் நிறுத்த மாட்டாங்க, போன்ல நெட்வொர்க் மாறுறதை வச்சுத்தான் தெரியும்.

அங்க நண்பர் எடுத்திருந்த வாடகைக் காரை நிறுத்தியிருந்தப்ப வேற வண்டி வந்து பின்னாடி உரசிருச்சு. கூப்பிட்டதும் வந்தது ஓமன் போலீஸ். நல்ல வேளை, நண்பர்கிட்ட ஓமன் இன்சூரன்ஸ் இருந்துச்சு. ரிப்போர்ட் எழுதி வாங்கிட்டு வந்தோம். இல்லாமப் போயிருந்தா செலவு முழுக்க காரை எடுத்தவர் தலையிலதான்னு கம்பெனியில சொன்னாங்க.

இந்த ரிப்போர்ட் விஷயம் முக்கியமுங்க. அமீரகத்துல கீறல் விழுந்தாக்கூடப் போலீஸ் காகிதம் இல்லாம வொர்க்‌ஷாப்ல கை வைக்க மாட்டாங்க. நம்ம ஊர் மாதிரி ஓரமா நிறுத்திப் பேசி முடிச்சுக்கற வேலை அங்க நடக்காது.

நல்லேபுள்ளி

ஒரு சந்தேகம் கேக்கறேனுங்க. தம்பி விசிட் விசாவுல துபாய் போய், ஐடிபி (வெளிநாட்டுல ஓட்ட நம்ம ஊர்ல தர்ற இன்டர்நேஷனல் பர்மிட்) வச்சு வாடகைக் கார் ஓட்டிட்டிருக்கான். இப்ப வேலை கிடைச்சு ரெசிடென்ஸ் விசா அடிக்கப் போறாங்க. ஐடிபி ஒரு வருஷத்துக்குத்தானே? மீதி மாசமும் அதை வச்சே ஓட்டலாமுங்களா?

கொழிஞ்சாம்பாறை, டிரைவிங் ஸ்கூல்

கூடாது. தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால் ஐடிபியில் தேதி மிச்சமிருந்தாலும் அங்கே ஓட்டப் பயன்படாது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. ஆனால் துபாயில் 2023 முதல் வகுப்புக்குப் போகாமல் நேராகத் தேர்வு எழுத ஒரு வாய்ப்புத் தருகிறார்கள். நன்றாக ஓட்டுகிறவர் என்றால் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

என்னிடம் ஐடிபிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட், லைசென்ஸ் தேவை, கட்டணம் 1000 ரூபாய். ஒரு வருடம், அல்லது லைசென்ஸ் முடியும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். ஐடிபி தனியாக நிற்காது, கூடவே அசல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்க வேண்டும். இங்கே வாளையாறில் நிறுத்தினால் டிஜிலாக்கரைக் காட்டிப் போய்விடலாம், வெளிநாட்டு கார் கவுண்டரில் போனைக் காட்டினால் சாவி தர மாட்டார்கள். லேமினேட் செய்த பழைய காகித லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு முன்பே பிவிசி கார்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டில் "பத்து வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். நமக்கு ஐடிபி தருவது ஆர்டிஓ ஆபீஸ். இன்டர்நெட்டில் விற்பது வெறும் அட்டைதான்.

வண்ணாமடை, ஜெர்மனியில் நர்ஸ்

இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், ஐடிபியும் கூட இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் பாஸாகி ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் தோழிகளோடு வாடகைக் காரில் சுவிட்சர்லாந்து போனோம். பாசல் எல்லையில் கைகாட்டி ஓரமாக நிறுத்தி, "வின்யெட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் நெடுஞ்சாலைக்கான வருடச் சீட்டு அது, 40 பிராங்க். ஜெர்மனியில் எடுக்கும் காரில் பெரும்பாலும் இருக்காது. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், சீட்டும் வாங்கியாக வேண்டும். நாங்கள் முன்னாலேயே ஆன்லைனில் எடுத்திருந்தோம், நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் மனதாரச் சொல்ல நினைப்பது வேறு. திரும்பும்போது ஸ்டுட்கார்ட் அருகே பெரிய நெரிசல். வேகம் குறைய ஆரம்பித்ததுமே எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் எல்லாம் பிரிய ஆரம்பித்தன. இடதுகோடி லேனில் இருப்பவை இடப்பக்கம், மற்றவை எல்லாம் வலப்பக்கம். நடுவில் ஒரு பாதை திறந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் அப்போது கேட்கவே இல்லை. சத்தம் கேட்ட பிறகு ஒதுங்குவது இல்லை இங்கே, நெரிசல் தொடங்கும்போதே வழி விட்டு வைப்பதுதான் சட்டம். விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் அந்தப் பாதையில் வேகம் குறையாமல் போயின. எமர்ஜென்சியில் வேலை செய்கிற எனக்கு அந்த நிமிடங்களின் மதிப்பு தெரியும். இங்கே கார் எடுக்கிற ஒவ்வொருவரும் சாவி வாங்குமுன் இதைப் பழகிவிட்டு வாருங்கள். போர்டு இல்லாத குறுக்குச் சாலையில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கே முதல் உரிமை என்பதையும்.

முதலமடை

மலேசியாவுல நம்மளை மாதிரி இடதுபக்கம்தான், அதனால பயமில்லை. எக்ஸ்பிரஸ்வே டோலுக்கு டச் அண்ட் கோ கார்டு வேணும், காசு வாங்க மாட்டாங்க. குழந்தைக்குத் தனி சீட் 2020ல இருந்து கட்டாயம், கார் எடுக்கறப்பவே கேளுங்க. பினாங்குல இருந்து தாய்லாந்து போகலாம்னு வீட்ல ஆசைப்பட்டாங்க, ஒப்பந்தத்துல நாட்டுக்கு வெளிய ஓட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. காரைத் திருப்பிக் குடுத்துட்டு பட்டர்வொர்த்ல இருந்து பாடாங் பெசார் ரயில்ல எல்லைக்குப் போனோம், சுகமாத்தான் இருந்தது.

நல்லேபுள்ளி

மாஸ்டர், தம்பிகிட்ட சொல்லிட்டேன், சாவியைக் குடுத்துட்டானாம். இன்னொண்ணு கேக்கறேன், அடுத்த மாசம் நாங்க மஸ்கட் போறோம். மச்சானும் நானும் மாத்தி மாத்தி ஓட்டலாமுங்களா? ரெண்டு பேர்கிட்டயும் ஐடிபி இருக்கு.

கொழிஞ்சாம்பாறை, டிரைவிங் ஸ்கூல்

ஓட்டலாம், ஆனால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது டிரைவருக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு, அதைக் கட்டிவிடுங்கள். பெயர் இல்லாதவர் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிப் போய் இடித்தால்கூட இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு கேட்பார்கள், அது முதல் டிரைவர் பெயரில் இருக்கட்டும். அந்தப் பணத்தை உடனே விடுவிக்க மாட்டார்கள், ஸ்பீட் கேமரா அபராதம் வந்தால் அதில்தான் கழிப்பார்கள்.