ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை எஸ்எம்எஸ் மூலம் கவனிப்பது

கேள்வி: எலும்புப்பிரிவு_ஒருங்கிணைப்பு
எங்களிடம் முழங்கால் மூட்டு மாற்றும் மணிக்கட்டு முறிவும்தான் அதிகம். டிஸ்சார்ஜ் ஆனவர்களிடம் எஸ்எம்எஸ்ஸில் நலம் கேட்டு, பதிலைப் பார்த்து அடுத்த விசிட்டை முடிவு செய்ய எண்ணம். நிறையப் பேரிடம் பட்டன் போன்தான், அதனால் வாட்ஸ்அப் சரிவராது. எந்த நாளில் என்ன கேட்கலாம்? வலி இல்லை என்று பதில் வந்தால் விசிட்டைத் தள்ளிப்போடலாமா?

பதில்: மடக்கு90
மணிக்கட்டு முறிவில் தள்ளவே கூடாது. வீக்கம் வடிந்ததும் மாவுக்கட்டு தளர்ந்து, எலும்பு உள்ளே சாய ஆரம்பிக்கும். கட்டுக்குள் இருப்பதால் அது பெரிதாக வலிப்பதில்லை. 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டால் அவர் உண்மையாகவே "0" என்று அனுப்புவார், எக்ஸ்ரே வேறு கதை சொல்லும். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் எக்ஸ்ரே கட்டாயம். அதற்குமேல் விட்டால் எலும்பு ஒட்டத் தொடங்கிவிடும், இழுத்து நேராக்குவது கஷ்டம். இவர்களுக்கு எஸ்எம்எஸ் வெறும் நினைவூட்டல்தான்.

மூட்டு மாற்றில்தான் கேள்விக்கு வேலை. 3ஆம் நாள் வலி எண், 7ஆம் நாள் புண்ணில் கசிவு உண்டா, 12ஆம் நாள் தையல் பிரிக்கும் தேதி. பிறகு வாரம் ஒருமுறை முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்ற கேள்வி. எத்தனை டிகிரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னுக்கு இழுத்தால் இருக்கைக்கு அடியில் போகிறதா? 1 ஆம், 2 இல்லை" என்று கேளுங்கள். போனால் ஏறக்குறைய 90 டிகிரி வந்துவிட்டது. 4ஆம் வாரமும் "2" வந்தால் 6ஆம் வார விசிட் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியிருந்தால் 12 வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம்.

பதில்: குறுஞ்செய்தி_நிர்வாகி
தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும்: "காய்ச்சல்" கண்ணுக்கு 5 எழுத்து, கணக்கில் 9. "வலி 0-10ல் எவ்வளவு? எண் மட்டும் அனுப்பவும்." இதற்கு 43, ஆஸ்பத்திரி பெயருக்கு 27 மிச்சம். அதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு.

டிஎல்டியில் (நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே பதிய வேண்டிய தளம்) பதிந்த வாசகத்திலிருந்து ஒரு கமா மாறினாலும் ஆபரேட்டர் நிறுத்திவிடும். மென்பொருளோ "அனுப்பப்பட்டது" என்றே காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது "சேர்ந்தது" என்ற நிலை. எழுத்து வடிவ அனுப்புநர் பெயருக்குப் பதில் போடவும் முடியாது. பதில் வாங்கத் தனியாக 10 இலக்க எண் எடுத்து, அதைச் செய்திக்குள்ளேயே எழுதுங்கள். டைப் செய்ய வராதவர்களுக்கு அதே எண்ணில் மிஸ்டு கால் போதும், நர்ஸ் திருப்பிக் கூப்பிடட்டும். பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும்; டிஸ்சார்ஜ் மேசையிலேயே ஒரு செய்தி அனுப்பி, திரையைப் பார்த்துவிடுங்கள்.

பதில்: வார்டு_சிஸ்டர்
ஃபைலில் இருக்கும் எண் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் மகனுடையது. "நல்லா இருக்காங்க" என்று அவரே பதில் போட்டுவிடுவார். உடன் இருப்பவர் யார் என்று கேட்டு அந்த எண்ணையும் வாங்குங்கள். 24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் போன் செய்தே ஆக வேண்டும். உடம்புக்கு முடியாதவர்தான் பதில் போடாமல் இருப்பார்.

கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மாவுக்கட்டுக்கு வெளியே விரல் மரத்துப்போவது, இதையெல்லாம் எஸ்எம்எஸ் கேள்வியாக்க வேண்டாம். பதிலை யாராவது திறந்து பார்க்கும்வரை அது காத்திருக்காது. "உடனே வரவும்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிதாக அச்சடித்துக் கொடுங்கள். மூச்சுத்திணறல் என்றால் நேராக 108.